மரியநாதன் தொட்டுக் காட்டிய ஐந்து துப்பாக்கிகள்

மலாய் நாட்டு ஜொகூரில், செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து செம்மண் பாதையில் நாலு கல் போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் மரியநாதன் பிட்டராக இருந்தார். ரப்பர் ஷீட் உருட்டும் மிஷின், அதை ஓட்டும் எண்ணெய் இஞ்சின், தண்ணீர் பம்பு, துரையின் மோட்டார் கார், எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குள்ளமான ஆள். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் உண்டு. மீதி உருளையில் போனது. மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். இரும்போடு பேசுவார். "ஏன் இப்படி அடம் புடிக்கிற, கொஞ்சம் திரும்பு" என்று இஞ்சின் கொட்டகையிலிருந்து குரல் வந்தால் உள்ளே வேறு யாரும் இல்லை என்று அர்த்தம்.

திருச்சிப் பக்கத்திலிருந்து 1911இல் கப்பலேறி வந்தவர். முதல் நாலு வருஷம் பால் வெட்டினார். இஞ்சின் கொட்டகையில் ஆள் குறைந்த ஒரு மாதம் உதவிக்குப் போனவர் மறுபடி மரத்துக்குத் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கத்தரினைக் கட்டினார். ஐலீன் என்று ஒரே மகள். மாதத்துக்கு ஒருமுறை பாதிரியார் வந்து பூசை வைப்பார். அன்றைக்கு மட்டும் நகக் கண்ணில் எண்ணெய்க் கறை இல்லாமல் மரியநாதனைப் பார்க்கலாம்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, தங்கராஜு. ஆபீசில் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிராணிமார் பொதுவாகத் தொழிலாளிகளோடு ஒட்டமாட்டார்கள். ஆனால் தங்கராஜுவின் மனைவி மலேரியாவில் இறந்தபோது அவருடைய மகள் ராஜம்மாவுக்கு மூன்று வயது. கத்தரின்தான் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பகலெல்லாம் ஐலீனோடு ஒரே தட்டில் சோறு. அந்த வழக்கத்தில் தங்கராஜுவும் சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போக வருவார், உட்காருவார், காப்பி குடிப்பார். மரியநாதன் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்து வருஷக்கணக்காகிவிட்டது.

1924இல் வில்மோட் துரை மானேஜராக வந்தார். பிரான்சு தேசத்துச் சண்டையில் இருந்தவர். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். தோட்டத் தமிழை நன்றாகவே பேசுவார், அதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். அவர் சாமான் வந்து இறங்கிய மறுநாள் மரியநாதனைப் பங்களாவுக்கு வரச் சொல்லி, மேஜையில் துணி விரித்து ஒரு பழைய துப்பாக்கியை வைத்தார்.

"ஜெர்மன்காரன் துப்பாக்கி. கப்பல்ல துரு புடிச்சிருக்கு. நீ சுத்தம் பண்ணு. ஒண்ணும் உடைக்காதே."

மரியநாதன் அரைமணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத ரெண்டு தடவ செஞ்சிருக்காங்க, துரை. மொதல்ல செஞ்ச கை வேற. அப்புறமா வெட்டின கை வேற."

வில்மோட் துரை வாயிலிருந்த புகையிலைச் சுங்கானை எடுத்துக் கீழே வைத்தார். அவர் சேகரித்துவந்தது அந்த ஒரு வகையைத்தான். 1888இல் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த துப்பாக்கி அது. ஐந்து தோட்டாக்களை ஒரு தகரக் கூட்டோடு மேலிருந்து உள்ளே அழுத்தவேண்டும். கடைசித் தோட்டா மேலே ஏறியதும் வெறுங்கூடு அடியில் இருக்கும் ஓட்டை வழியாக விழுந்துவிடும். பிறகு புது மாதிரித் துப்பாக்கி வந்துவிட்டது. ஆனாலும் லட்சக்கணக்கில் கிடந்த பழையவற்றைத் தூக்கியெறிய ராணுவத்துக்கு மனம் வரவில்லை. 1905 வாக்கில் அவற்றைத் திருத்தினார்கள். தோட்டாப் பட்டையைப் பிடிக்க மேலே இரண்டு காதுகள் வைத்தார்கள். கட்டைவிரல் இறங்க இடதுபக்கம் ஒரு பள்ளம் வெட்டினார்கள். அடி ஓட்டையைத் தகட்டால் மூடி, அடையாளத்துக்குச் சின்னதாக ஆங்கில 'என்' எழுத்தைக் குத்தினார்கள். இதையெல்லாம் துரை சொல்லச் சொல்ல மரியநாதனின் விரல் அந்தந்த இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றது.

துரை கொண்டுவந்திருந்த அப்படிப்பட்ட மூன்று துப்பாக்கிகளின் பொறுப்பும் அன்றிலிருந்து மரியநாதனுடையது. ஜொகூர் ஈரத்தில் இரும்பு ஒரு வாரம் சும்மா இருக்காது. சனிக்கிழமை மத்தியானங்களில் பங்களாப் பின்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டுவார். லைசென்ஸ் எல்லாம் துரை பெயரில். சுடும் ஊசிகளைக் கழற்றிப் போலீசில் ஒப்படைத்திருந்ததால் அவை வெறும் அலங்காரச் சாமான்கள்தான். மரியநாதனுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. எங்கேயோ ஒரு ஜெர்மன் பட்டறையில் தன்னைப்போல ஒரு பிட்டர், வேறொருவன் செய்து முடித்த சாமானைக் கையில் வாங்கி, அதைக் கெடுக்காமல் புதுக் காலத்துக்கு மாற்றியிருக்கிறான். அந்த ஆளின் கையை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கத்தரினிடம் அடிக்கடி சொல்வார்: "ஓட்டைய மூடியிருக்கான் பாரு, நகம் உள்ள போகாது."

துரைக்கு இன்னும் பல வேண்டியிருந்தன. ஒவ்வொரு ஜெர்மன் பட்டறையிலும் திருத்தியது ஒன்றொன்று சுவரில் வரிசையாக மாட்டவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் இந்தப் பக்கத்தில் கிடைத்ததெல்லாம் திருத்தாதவை. ஜெர்மன்காரர்கள் பழைய துப்பாக்கிகளை அப்படியே சீன தேசத்துக்கு விற்றிருந்தார்கள். அவற்றில் சில பழைய சாமானோடு சிங்கப்பூருக்கு வரும். துரை கடிதம் எழுதி ஏற்பாடு செய்வார். கடிதத்தைத் தட்டச்சில் அடிப்பது தங்கராஜு. போய்ப் பெட்டியை வாங்கி ரயிலில் கொண்டுவருவது மரியநாதன்.

1926இல் ஒருநாள் துரை அப்படி வந்த ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல பார்ட் காணாம போச்சு. நீ செய்."

மரியநாதன் பார்த்துவிட்டு, "காணாம போகல, துரை. இதுல பள்ளமே வெட்டல. இது திருத்தாதது" என்றார்.

துரை சிரித்தார். "உன்கிட்ட மறைக்க முடியாது. சரி. நீ திருத்து. மத்தத மாதிரியே. செவுத்துல மாட்ட, செட்டு முழுசா இருக்க. புஸ்தகத்துல 'இது மரியநாதன் செஞ்சது'ன்னு எழுதுவேன்."

இரண்டு மாதம் எடுத்தது. காதுகளை இஞ்சின் கொட்டகையில் அடித்து அரத்தால் தேய்த்தார். பள்ளத்தைக் கையாலேயே வெட்டினார். எழுத்துக் குத்த அச்சு வேண்டும். தேய்ந்த அரம் ஒன்றைக் காய்ச்சி அதில் 'என்' எழுத்தைச் செதுக்கினார். தண்ணீரில் தோய்த்தபோது எழுத்தின் வலது காலில் ஒரு துளி உடைந்துவிட்டது. "வேற அச்சு செய்யறேன், துரை" என்றார். துரை பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, போதும், அதுவே இருக்கட்டும் என்றார்.

சொன்னபடியே புத்தகத்தில் எழுதினார். தடித்த தோல் அட்டைபோட்ட புத்தகம் அது. தங்கராஜு ஆபீசில் அதைத் திறந்து காட்டினார்.

"இந்தா பாரு. உன் பேரு. 'தோட்டத்து பிட்டர் மரியநாதன் செய்த நகல்'னு போட்டிருக்காரு. வெள்ளக்காரன் புஸ்தகத்துல நம்ம ஆளு பேரு ஏறி நான் பாத்ததில்ல."

அடுத்த நாலு வருஷத்தில் இன்னும் நான்கு செய்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக வந்தது. ஒவ்வொருமுறையும் தங்கராஜு புத்தகத்தைத் திறந்து காட்டினார். சுவரில் எட்டுத் துப்பாக்கிகள் தொங்கின. மூன்று ஜெர்மனியில் திருத்தியவை, ஐந்து செடெனாக்கில்.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. பாதி ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வில்மோட் துரையும் குதிரையை விற்றார், சமையற்காரனை நிறுத்தினார். ஒருநாள் மரியநாதனைக் கூப்பிட்டு எட்டுத் துப்பாக்கிகளையும் பெட்டியில் அடுக்கச் சொன்னார்.

"என்னோடதையுமா, துரை?"

"எல்லாம். சிங்கப்பூர்ல ஒரு ராணுவ கேப்டன் பாக்கணும்னு கேக்குறாரு."

மரியநாதன் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, நடுவில் தேங்காய் நார் திணித்து, பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் கத்தரினிடம், "ராணுவத்து ஆளு பாக்கப் போறாராம்" என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார் என்று அவள் பிற்காலத்தில் சொல்வாள்.

மூன்று மாதம் கழித்து அந்த கேப்டன் தோட்டத்துக்கே வந்தார். கூடவே ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரும் இரண்டு மலாய்ப் போலீஸ்காரர்களும். பங்களாவில் நீள மேஜைமேல் எட்டுத் துப்பாக்கிகளும் கிடந்தன. துரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்கத் தங்கராஜு கைகட்டி நின்றார். இன்ஸ்பெக்டருக்கு மலாய் வரும், தமிழ் வராது. கோர்ட்டுக்குப் போகும் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும்.

கேப்டன் எட்டையும் ஜெர்மன் ராணுவம் திருத்தியவை என்றே துரையிடம் விலைக்கு வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் எந்தப் பட்டறையில் திருத்தியது என்று கடிதமும் இருந்தது. ஆனால் ஐந்து வெவ்வேறு பட்டறைகளின் துப்பாக்கிகளில் 'என்' எழுத்துக்கு ஒரே இடத்தில் கால் உடைந்திருந்தது. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். மரியநாதனுக்கு இது எதுவும் தெரியாது. விற்றதே தெரியாது. உள்ளே வந்து மேஜையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுல நீ கை வச்சது எதுன்னு கேக்குறாங்க" என்றார் தங்கராஜு.

மரியநாதன் யோசிக்கவே இல்லை. மேஜையோரமாக நடந்தார். முதலாவதைத் தொட்டார், இரண்டை விட்டார், நான்காவதைத் தொட்டார். ஐந்தையும் தொட்டு முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீ எப்படிச் சொல்றேன்னு கேக்குறாரு."

"என் அரம் எனக்குத் தெரியாதா, அண்ணே? ஜெர்மன்காரன் பள்ளத்த மிஷின்ல வெட்டியிருக்கான். நான் கையால வெட்டினேன். இந்தா, வெரல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. இது கடைசியா செஞ்சது. இதுல தகடு மட்டும் அவனோடதவிட நல்லா ஒக்காந்திருக்கு."

கேப்டன் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"என்ன அண்ணே சொல்றாரு?"

"நல்ல வேலைங்கிறாரு."

மரியநாதன் தலை குனிந்து வணக்கம் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். யார் செய்யச் சொன்னது என்று கேள்வி வந்தது.

"துரைதான். செட்டு முழுசா இருக்கணும்னு சொன்னாரு. புஸ்தகத்துல என் பேரு இருக்கே, அண்ணே. எடுத்துக் காட்டுங்க."

தங்கராஜு கொஞ்சநேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார், நிதானமாக, இன்ஸ்பெக்டர் எழுதுவதற்கு நிறுத்தி நிறுத்தி. மரியநாதனுக்கு ஆங்கிலம் என்றால் சாமான் பெயர்களும் ஆபீசில் காதில் விழும் சில சொற்களும்தான். அவற்றில் ஒன்று 'ஆர்டர்'. துரை எதற்கெடுத்தாலும் சொல்லும் சொல். தங்கராஜு பேசும்போது அந்தச் சொல் வரும் என்று மரியநாதன் காத்திருந்தார். வரவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல்லும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். சாய்வு நாற்காலியில் துரை சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த இன்னொருவர் அவர்தான்.

புத்தகம் வந்தது. தோல் அட்டை இல்லை, துணி அட்டை. மரியநாதன், "இது இல்ல, அண்ணே, அது பெருசா இருக்கும்" என்றார். அதைத் தங்கராஜு மொழிபெயர்க்கவில்லை.

காகிதத்தை நீட்டினார்கள். மரியநாதன் வழக்கம்போல் மேலே சின்னதாகச் சிலுவை போட்டு, தமிழில் தன் பெயரை எழுதினார். போலீஸ்காரர் தோளில் கை வைத்தபோதுதான் மரியநாதன் காகிதத்திலிருந்து தலை நிமிர்ந்தார். துரையைப் பார்த்தார். துரை தமிழில், மெதுவாகச் சொன்னார்: "போ, மரியநாதன். சின்ன கேஸ். நான் பாத்துக்கிறேன்."

அதையும் நம்பினார்.

ஜொகூர் பாருவில் கேஸ் எடுத்த அன்று கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அந்தக் காகிதத்தைத் தமிழில் வாசித்தார். வயதான மனிதர், ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். 'துரை அவர்கள் பழைய துப்பாக்கி வாங்கிவர என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்புவது வழக்கம். திருத்திய துப்பாக்கி கிடைத்தால் அவர் மகிழ்வார் என்பதால், நானே என் யோசனையில் பாகங்களைச் செய்து பொருத்தினேன். வாங்கும்போதே இப்படி இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இது துரை அவர்களுக்குத் தெரியாது.'

"இது நீ சொன்னதுதானே? கீழே உன் கையெழுத்து இருக்கிறது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"கையெழுத்து என்னுது. பேச்சு என்னுது இல்ல, ஐயா."

"யாருடையது?"

மரியநாதன் திரும்பிப் பார்த்தார். சாட்சிகளின் பெஞ்சில் தங்கராஜு உட்கார்ந்திருந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் காலர் கிழிந்து தைத்திருந்தது. தைத்தது கத்தரின். போலீஸ் பிடித்துப்போவதற்கு முந்தின வாரம் அவள் வீட்டில் உட்கார்ந்து தைத்ததை மரியநாதன் பார்த்திருந்தார்.

அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காகவே எடுத்துச் சொன்னார். ஆனால் அவர் வாய்ச்சொல் ஒருபுறம், கையெழுத்துப் போட்ட காகிதமும் துரையின் சத்தியமும் மறுபுறம். தங்கராஜு எழுந்து, பிட்டர் சொன்னதைத்தான் தான் அன்று சொன்னதாகச் சத்தியம் செய்தார். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிப் பாகம் செய்ததற்கு மூன்று மாதம் சிறை.

கத்தரினுக்குத் தங்கராஜு செய்தது தெரிந்தது சிறையில் கம்பிக்கு வெளியே நின்றபோதுதான். மரியநாதன் எல்லாவற்றையும் சொன்னார்.

"தப்பா விளங்கிக்கிட்டிருப்பாரோ" என்றாள் அவள்.

"தப்பா விளங்கிக்கிறதுக்கு அவரு என்ன நேத்தா வந்தாரு? அந்தப் புஸ்தகத்த அஞ்சு தடவ எனக்குத் தொறந்து காட்டினவரு." பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு மலாய்ல ரெண்டு வார்த்தை தெரியும், கத்தரின். 'துவான் சுரோ.' துரை சொன்னாருன்னு அர்த்தம். அந்த இன்ஸ்பெக்டருக்கு மலாய் தெரியும். நானே சொல்லியிருக்கலாம். அண்ணன் இருக்கும்போது எதுக்குன்னு இருந்துட்டேன்."

அந்த இரண்டு வார்த்தை அவரை விடவில்லை. சிறையில் கயிறு திரிக்கும்போதும் சொல்லிக்கொண்டிருப்பாராம். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர், "எந்தத் துவான்?" என்று கேட்பாராம்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன சீட்டில் கையெழுத்து வில்மோட் துரையுடையது. கொண்டுவந்து கொடுத்தது சின்னக் கிராணி. கத்தரின் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ராஜம்மா ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அவளை விலக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் நின்றதாகக் கத்தரின் சொல்வாள். கொஞ்சநேரத்தில், "போ, உங்கப்பா தேடுவாரு" என்று அனுப்பிவிட்டாள்.

யோங் பெங் என்ற சிற்றூரில் வெள்ளையம்மா என்பவள் சோற்றுக்கடை வைத்திருந்தாள். கத்தரினுக்குச் சின்ன வயதில் பழக்கம். அந்தக் கடையின் பின்னால் ஒரு அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். மரியநாதன் விடுதலையாகி அங்கே வந்தார். எந்தத் தோட்டமும் அவரை எடுக்கவில்லை. கேஸ் கதை அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் ஒரு ஹொக்கியன் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மரமில்லில் ரம்பம் கூர்போடும் வேலை கிடைத்தது. தவுக்கே அவர் வேலையை ஒருநாள் பார்த்தார், மறுநாள் இஞ்சினையும் ஒப்படைத்தார். சிறையைப்பற்றி எதுவும் கேட்கவில்லை.

வில்மோட் துரை அடுத்த வருஷமே சீமைக்குப் போனார், திரும்பவில்லை. துப்பாக்கிகள் என்ன ஆயின என்று மரியநாதன் விசாரிக்கவில்லை. துரைமேல் அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது கனமில்லாத கோபம். "அவன் வெள்ளக்காரன், அவனுக்கு அவன் மானம்" என்பார். இன்னொருவர் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

1936இல் மரமில்லில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சபாபதி ஒருநாள் இஞ்சின் அறைக்கு வந்தார். தன் மகனுக்குப் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார். செடெனாக் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிராணி மகள், பெயர் ராஜம்மா.

"நீங்க அங்க ரொம்ப வருஷம் இருந்தவரு. குடும்பம் எப்படி? உங்க வார்த்தைய வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

மரியநாதன் கையைத் துடைத்தார். "ரெண்டு நாள் குடுங்க" என்றார்.

மறுநாளே தங்கராஜு வந்துவிட்டார். மரியநாதனிடம் விசாரிக்கும் சேதி பெண் வீட்டுக்குப் போயிருந்தது. மரமில் வாசலில் குடையோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. ரம்பச் சத்தத்தில் பேச முடியாது. இருவரும் மரக்கட்டைகள் அடுக்கிய பின்பக்கம் போனார்கள்.

"மரியநாதா, உன்கிட்ட கேக்க எனக்கு மொகமில்ல."

மரியநாதன் ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசியெல்லாம் நான் அடிச்சது. இது பெர்லின்ல திருத்தினது, இது டான்சிக்ல திருத்தினதுன்னு துரை சொல்லச் சொல்ல அடிச்சேன். அவரு மாட்டினா நானும் மாட்டுவேன். வேலை போனா பொண்ண வச்சுக்கிட்டு எங்க போவேன்? அந்தப் பொறுப்பு உனக்குத் தெரியாதா? உனக்கு மூணு மாசந்தான். எனக்குன்னா அதோட முடியாது."

"மொதல்லயே தீர்மானம் பண்ணிட்டுத்தான் வந்தீங்களா, அண்ணே? இல்ல நான் பேசும்போதா?"

தங்கராஜு குடையை இடதுகைக்கு மாற்றினார். "முந்தின நாள் துரை கூப்பிட்டுச் சொன்னாரு."

"முந்தின நாள் சாயங்காலம் எங்க வீட்டுல காப்பி குடிச்சீங்க."

"ஆமா."

உள்ளே ரம்பம் ஒரு கட்டையை அறுத்து முடித்தது. பிறகு மரியநாதன் கேட்டார்: "துரைதான் என்னைச் செய்யச் சொன்னாரு. இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"மரியநாதா—"

"சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

தங்கராஜு சொன்னார். நாலைந்து சொற்கள்தான். ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதில் 'ஆர்டர்' என்ற சொல் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மரியநாதன். "நான் ஏதோ பெரிசா இருக்கும்னு நெனச்சேன்."

தங்கராஜு அழ ஆரம்பித்தார். மரியநாதன் அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது பின்பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று கத்தரினிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

சபாபதியிடம் மரியநாதன் சொன்ன வார்த்தை இதுதான்: "பொண்ணு எங்க வீட்டுல வளர்ந்தது. எம் பொண்ணுக்கு என்ன சொல்வேனோ அதையேதான் இதுக்கும் சொல்வேன். தாராளமா எடுங்க."

"அப்பா எப்படி?"

"அத என்கிட்ட கேக்காதீங்க."

சபாபதி விவரமானவர். மேலே கேட்கவில்லை. அடுத்த தை மாதம் யோங் பெங்கிலேயே கல்யாணம் நடந்தது. கத்தரினும் ஐலீனும் போனார்கள். ராஜம்மா மணவறையிலிருந்து எழுந்து வந்து கத்தரின் காலில் விழுந்தாள். அப்போது தங்கராஜு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டதாக ஐலீன் வந்து சொன்னாள். மரியநாதன் அன்று மரமில்லுக்குப் போயிருந்தார். லீவு கேட்டிருந்தால் தவுக்கே கொடுத்திருப்பார். கேட்கவில்லை. கத்தரின் கொண்டுவந்த லட்டை ஐலீன் நீட்டினாள். "நீ சாப்பிடு" என்றார்.

மகளைப் பார்க்கத் தங்கராஜு வருஷத்துக்கு நாலைந்து முறை யோங் பெங்குக்கு வருவார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சபாபதி வீட்டுக்கு மரமில் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் சாலையின் மறுபுறமாகப் போவார். மரியநாதன் பார்ப்பார். வேலையைத் தொடர்வார்.

ஐலீன் ஊரிலிருந்த மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்துத் தேறினாள். அதற்காக மரியநாதன் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1938இல் தவுக்கே தன் மில் ஆட்களுக்கெல்லாம் ஒரு ஒப்பந்தக் காகிதம் கொடுத்தார், ஆங்கிலத்தில் அடித்தது. மரியநாதன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். நல்ல காகிதம்தான், வீடும் மருந்தும் தருவதாக எழுதியிருந்தது. முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இன்னொரு தடவ வாசி" என்றார் மரியநாதன்.

வாசித்தாள். மறுபடியும் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நான் பொய் சொல்வேனாப்பா?"

மரியநாதன் மகளின் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதிரியாரிடம் ஒருதரம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.